தெருவின் சுவிட்ச் நம் வீட்டில்

நைனா,

போனைப் பாதியில் வைத்தவன் நீ. மீதியை நான் எழுத்தில்தான் சொல்லியாக வேண்டும். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். உங்கம்மா பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தால்தான் நான் நாலு வார்த்தை பேசுவேன். சாப்பிட்டானா கேளு, வெயில் எப்படி இருக்கிறது கேளு என்று அவள் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கேள்வியெல்லாம் என்னுடையது என்று நீ இத்தனை வருஷம் நம்பியிருந்தால், இல்லை. இப்போது எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாததால், நீ மஸ்கட்டிலிருந்து பேசும்போதெல்லாம் நான் உம் கொட்டிக்கொண்டு நிற்கிறேன். அதை நீ வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

நீ அங்கே இருந்தபடியே இந்த வீட்டுக்கு ஒரு டிஷ், ஒரு செட்டாப் பாக்ஸ், கூடவே இன்டர்நெட் லைன் எல்லாம் புக் பண்ணியிருந்தாய். கம்ப்யூட்டரும் கேமராவும் பின்னாலேயே வரும், சாயங்காலமானால் நான் அதன் முன்னால் உட்கார வேண்டும், என் முகத்தை நீயும் உன் முகத்தை நானும் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை டிஷ் கம்பெனி ஆள் வந்தான். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஏன் என்று நீ கேட்டாய். வேண்டாம் என்று தோன்றியது என்றேன். அதற்கு நீ சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், கோபத்தில் அல்ல, நீ சொன்னது என் காதில் சரியாகத்தான் விழுந்தது என்று உனக்குத் தெரிவதற்காக.

"அம்மாவ எட்த்த அன்னிக்கே டிவிய போட்டுகினு குந்தியிருந்த ஆளு நீ. நான் போன்ல அழுவுறேன், பின்னால எவனோ கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். உனுக்கு இன்னாத்துக்குப்பா என் மூஞ்சி?"

இவ்வளவு நாள் இதை மனசில் வைத்திருந்தாயா? உன் கல்யாணத்துக்கு வந்து லீவு முழுக்க இந்த வீட்டில் இருந்தாய். என்னோடு ஒரே தட்டில் இட்லி தின்றாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனா என்றால் அதுவும் சந்தேகம்தான். எனக்கு இப்போதெல்லாம் எதுவும் உடனே வந்து சேர்வதில்லை. ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிய காலத்தில், ஷிப்ட் முடிந்து வந்ததும் உங்கம்மா என் கையில் டீ டம்ளரைக் கொடுப்பாள். லீவரைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப் போயிருக்கும், சூடு தெரியாது. உதட்டில் பட்ட பிறகுதான் அய்யோ என்பேன். அவள் போனதிலிருந்து உடம்பு முழுக்க அந்தக் கை மாதிரி இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ரேஷன் கடைக்குப் போகிறேன், மாடியில் காயும் வேட்டியிலிருந்து ஹார்பர் பக்கமிருந்து பறந்து வரும் நிலக்கரித் தூசியை உதறுகிறேன். உன் கல்யாணத்தில் எல்லாரும் அழுதார்கள், நான் பந்தியில் சாம்பார் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போனை வைத்த பிறகும் எனக்கு வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய விஷயம் என்று மட்டும் தெரிந்தது, அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உன் வீட்டு விஷயத்தைப் பேசிவிடுகிறேன். அடுத்த மாசம் உன் பெண்டாட்டி அங்கே வரப்போகிறாள், புது வீட்டுக்கு எந்தக் கனெக்‌ஷன் போடலாம் என்று என்னிடம் ஒருநாள் கேட்டாய். ஹோட்டல் சர்வர் பலகாரம் ஒப்பிக்கிற மாதிரி பேக்கேஜ்களை ஒப்பித்தாய். இத்தனை தமிழ் சேனல், இத்தனை ஸ்போர்ட்ஸ், நெட் இவ்வளவு வேகம். எத்தனை சேனல் வந்தாலும் மனுஷனுக்குக் கண் இரண்டுதான். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதே. ரிப்பேர் என்றால் யார் வருவார், கூப்பிட்டால் மனுஷன் எடுப்பானா மிஷின் எடுக்குமா என்று கேள். கடலோரம் வீடென்றால் டிஷ்ஷின் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், அதைக் கேள். அந்தப் பெண் எந்த சீரியல் பார்ப்பாள் என்று அவளையே கேள், நீயாக முடிவு பண்ணி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. நான் அப்படித்தான் ஒரு டேப்ரெகார்டர் வாங்கி வந்து வருஷக்கணக்கில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதெல்லாம் எல்லாரும் சொல்வது. எல்லாரும் சொல்லாதது ஒன்று உண்டு. இதை நிறுத்த வேண்டி வந்தால் யார் நிறுத்துவார்கள் என்றும் பார்த்து வை. அது உனக்குப் புரிய வேண்டுமென்றால் நம் வீட்டுச் சுவிட்சைப் பற்றிப் பேச வேண்டும்.

உனக்குத் தெரிந்த சுவிட்ச்தான். கேபிள் பாபு நம் தெருவுக்கு முதன்முதலில் ஒயர் இழுத்தபோது, சிக்னலைத் தூக்கிக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர் பெட்டியை நம் மாடிக் கைப்பிடிச்சுவரில்தான் அடித்தான். அதற்குக் கரண்ட் நம் வீட்டிலிருந்து. அதற்குப் பதிலாக நமக்குக் கேபிளுக்குக் காசு கிடையாது. சுவிட்சைக் கூடத்தில், காலண்டருக்குக் கீழே வைத்தான். நம் கையில் இருந்தது ஒரு சாதாரண சுவிட்ச், ஆனால் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அத்தனை வீட்டு டிவியும் அதில்தான் உயிர் வாழ்ந்தது. உங்கம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை. எதிர் வீட்டு மல்லிகாவோடு குழாயடியில் சண்டை வந்தால், "சுச்ச அமத்திட்டேன்னா பார்த்துக்கோ" என்பாள். ஒருநாளும் அமர்த்தியதில்லை. சாவு விழுந்தால் மட்டும்தான்.

தெருவில் யாராவது செத்துப்போனால், பாடை தெருமுனை தாண்டும்வரை டிவி கிடையாது. யார் வைத்த சட்டம் என்று தெரியவில்லை, பாபுவுக்கு முன்னால் ரேடியோ காலத்திலேயே இருந்திருக்க வேண்டும். சங்கு ஊதுகிறவன் வருவதற்கு முன்பே பாபு சைக்கிளில் வந்து நம் வாசலில் நின்று, "அக்கா, கோடி வூட்ல பூட்டாங்க" என்பான். உங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சுவிட்சை அமர்த்துவாள். பத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே நேரத்தில் நிற்கும். அப்புறம்தான் தெருவுக்கே சாவு தெரியும். பாடை போய், வாசலெல்லாம் தண்ணீர் தெளித்த பிறகு திரும்பவும் அவளே போடுவாள். பாபு அந்த வேலையில் கை வைக்க மாட்டான், அது அக்கா வேலை.

ஒரே ஒரு தடவை நீ கை வைத்தாய். பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். மூலை வீட்டுப் பெரியவர் போய்விட்டார், அன்றைக்குப் பார்த்து ஏதோ ஃபைனல் மேட்ச், கடைசி ஓவர்கள். அம்மா சாவு வீட்டில் இருந்தாள், நான் பகல் ஷிப்டில். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஸ்கோர் மட்டும் பார்க்கலாம் என்று சுவிட்சைப் போட்டாய். நம் வீட்டில் சத்தம் இல்லை, சரி. சாவு வீட்டில் டிவியை அணைத்து வைக்க யாருக்கு ஞாபகம் இருக்கும்? சிக்னல் போனால் திரை நீலமாகிவிடும், சத்தம் இருக்காது, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார்கள், பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நீ சுவிட்சைப் போட்டதும் அந்தப் பெரியவரின் தலைமாட்டில் ஸ்டேடியம் முழுக்கக் கத்தியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடியதாக மல்லிகா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். உங்கம்மா ஓடி வந்து உன்னை அறைந்தாள், திரும்பிப் போய் அந்த வீட்டுக்காரர்களின் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அன்றையிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். சுவிட்சைத் திரும்பப் போடுவதற்கு முன்னால் சாவு வீட்டுக்கு ஒரு நடை போய், டிவியின் மேலிருக்கிற துணியைத் தூக்கி, பெட்டி அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். அதற்கப்புறம்தான் போடுவாள்.

இனிமேல் சொல்லப்போவது நீ இல்லாத நாட்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் டிவி பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காது மந்தம் ஆன பிறகு சத்தத்தை எவ்வளவு வைப்பாள் என்பது உனக்குத் தெரியும். நான் பின்பக்கம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது கீரைக்கட்டின் மேலேயே சாய்ந்திருந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பாபு வந்தான். வாசலில் நின்று அக்கா என்று கூப்பிட வாயெடுத்துவிட்டு, கூப்பிடாமல் உள்ளே வந்து அவனே சுவிட்சை அமர்த்தினான். உன் கம்பெனிக்கு நான் போன் பண்ணச் சொன்னேன். அங்கே வெள்ளிக்கிழமை லீவு, உன் பாஸ்போர்ட் கம்பெனிப் பெட்டியில் பூட்டி இருக்கிறது என்று நீ அழுததெல்லாம் உனக்கே தெரியும். ஐஸ் பெட்டி வந்தது. மல்லிகா பீரோவிலிருந்து ஒரு போர்வையை எடுத்து டிவியை மூடினாள். கூடத்தில் வேறு இடம் இல்லாததால் டிவிக்கு முன்னாலேயே தலைமாட்டை வைத்தார்கள்.

சனிக்கிழமை உன் மாமன்மார் எடுத்துவிடலாம் என்றார்கள். சனிப் பொணம் தனியாகப் போகாது, சனிக்கிழமை எடுக்கக் கூடாது என்று நான் சொன்னேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, கோழியைக் கட்டி எடுத்துப் போவதைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். உனக்காக ஒரு நாள் கிடைக்குமே என்றுதான் பிடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் வெளியே வந்து பார்த்தால் தெரு அப்படியே கம்மென்று கிடக்கிறது. பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஏதோ பெரிய மேட்ச் வேறு இருந்தது. சுவிட்ச் என் வீட்டில் இருக்கிறது, இரண்டு நாளாகத் தெருவே இருண்டு கிடக்கிறது, எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பாபு சாமியானா பக்கம் நின்றுகொண்டிருந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஜனங்கள் பாவம், போட்டுவிடுடா என்றேன்.

"அக்கா உள்ள பட்த்துனுகீது. நான் எப்டிண்ணே சுச்ச போட்றது?" என்றான். "எவனாச்சும் வந்து உன்னாண்ட கேட்டானா? கேக்க மாட்டானுங்க. புள்ள வர்ட்டும்."

யாரும் கேட்கவில்லை நைனா. ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்குப் பையன்கள் பக்கத்துத் தெரு டீக்கடைக்குப் போய் நின்று பார்த்தார்கள். திரும்பி வரும்போது நம் வாசலில் ஸ்கோரைக் கூடப் பேசாமல் தாண்டிப் போனார்கள். நான் மட்டும் உனக்காகக் காத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்புறம் காத்திருக்காமல் எடுத்துவிட்டேன் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை இந்தத் தெரு மொத்தமும் உனக்காகக் காத்திருந்தது. உனக்கு டிக்கெட் கிடைத்ததா என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை தகவல் இல்லை. நீ ஆபீஸ் ஆபீஸாக ஓடிக்கொண்டிருந்தாய், அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது உங்கம்மாவின் முகம் மாற ஆரம்பித்தது. கண்ணுக்குக் கீழே, உதட்டோரம். ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் ஒரு ராத்திரி போனால் நீ வந்து பார்க்கப்போவது அவள் முகமாக இருக்காது. அதை நீ பார்க்க வேண்டாம், கடைசியாக ஏர்போர்ட்டில் பார்த்தாயே, அந்த முகமே உன்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். அதில் உன் மாமன்மாருக்குப் பங்கில்லை.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்தேன். மல்லிகா கூடத்தைக் கழுவி விளக்கேற்றி வைத்திருந்தாள். வாசலில் பாபு நிற்கிறான், உள்ளே வரவில்லை. தெருவில் அவரவர் வாசலில் நிற்கிறார்கள். அவள் எப்போதும் செய்கிற வேலை, மிச்சம் வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று தோன்றியது. நான் போய்ச் சுவிட்சைப் போட்டேன். போடுவதற்கு முன்னால் சாவு வீட்டுக்குப் போய்த் துணியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. சாவு வீடு நம் வீடு, ஞாபகப்படுத்த வேண்டியவள் அவள்.

போர்வைக்குள்ளிருந்து டிவி கத்தியது. வெள்ளிக்கிழமை காலையில் அவள் வைத்த அதே சேனல், அவள் வைத்த அதே சத்தம். ஏதோ காமெடி. கூட்டமாகச் சிரிக்கிறார்கள். ராத்திரியெல்லாம் அவள் தலைமாட்டில் போர்வை மங்கலாக நீல நிறத்தில் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன், ஐஸ் பெட்டியின் விளக்கு என்றே நினைத்திருந்தேன். நான் போய்ப் போர்வையை எடுத்துப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். கொதித்தது. அவள் எழுந்து போன அடுப்பு மாதிரி இருந்தது. அணைக்க வேண்டும் என்றுதான் கையை வைத்தேன். அணைத்தால் அவள் போட்டு வைத்த கடைசி வேலையும் நின்றுவிடும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் போன் அடித்தது. நீ ஏர்போர்ட்டிலிருந்து, டிக்கெட் கிடைத்துவிட்டது, விடியற்காலை வந்துவிடுவேன், வைத்திருங்கள் என்றாய். எடுத்துவிட்டோம் நைனா என்றேன். உன் அழுகை கேட்டது, பின்னால் அந்தச் சிரிப்பும் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். டிவி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான், நீ சொன்னது பொய்யில்லை. போட்டது மட்டும் நான் இல்லை, உங்கம்மா.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்த டிஷ் கம்பெனி ஆள், பாவம், எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டி மத்தியானம்தான் வந்து சேர்ந்தான். அன்றைக்குக் காலையில் கோடி வீட்டு முனுசாமி போய்விட்டார். பாபு வாசலில் வந்து சொன்னான், நான் சுவிட்சை அமர்த்தினேன். உங்கம்மாவுக்கு அப்புறம் தெருவில் விழுந்த முதல் சாவு. இன்னொரு நாள் வருகிறாயா என்று அந்த ஆளைக் கேட்டேன். லேட்டானால் அவன் சம்பளத்தில் கை வைப்பார்களாம், சரி மாட்டு என்றேன். மாடியில் டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி வைத்துவிட்டுக் கீழே வந்து, சத்தம் இல்லாமல் படம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன் சார் என்று டிவியைப் போட்டான். படம் வந்தது. கண்ணாடி மாதிரி வந்தது, பாபு ஜென்மத்தில் கொடுத்ததில்லை அப்படி. பக்கத்திலேயே நான் அமர்த்திய சுவிட்ச் அப்படியே இருக்கிறது, வெளியே முனுசாமிக்கு மேளம் அடிக்கிறார்கள், நம் டிவி மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவிட்சுக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு என்ன தோன்றியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாளைக்கு எல்லார் மாடியிலும் இது வந்துவிடும், வரட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார். இந்த மாடியில் வேண்டாம் என்று மட்டும் தோன்றியது. டிஷ்ஷைக் கழற்றிக்கொள், நெட் லைனை மட்டும் கொடு என்றேன். இரண்டும் ஒரே பேக்கேஜ் சார், பிரித்துக் கொடுக்க முடியாது என்றான். அப்படியானால் இரண்டும் வேண்டாம் என்றேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். உன் முகம் வேண்டாம் என்று சொல்லவில்லை நைனா. அந்தப் பையனுக்குப் பிரித்துக் கொடுக்கத் தெரியவில்லை, எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் முனுசாமியை எடுத்துப் போன பிறகு, சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பெண்டாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. என்னை ஏன் என்று கூடக் கேட்கவில்லை. டிவி மேலிருந்த புடவையைத் தூக்கினேன். நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தேன். பெட்டியின் மேல் கை வைத்தபோது சூடு தெரிந்தது. அந்தப் பெண்பிள்ளை முன்னால் நிற்க முடியாமல் சீக்கிரம் வந்துவிட்டேன். வழியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், காற்றில் தூசி என்று மல்லிகாவிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

நீ போனில் சத்தம் போட்டதை பாபுவிடம் சொன்னேன். சொல்லக் கூடாதுதான், ஆனால் வேறு யாரிடம் சொல்வது. அவன் இப்போது கேபிள் ஒயரிலேயே நெட்டும் கொடுக்க ஆரம்பித்திருக்கிறான். வேகம் நீ சொன்ன அளவுக்கு வராது, மழை வந்தால் நின்றுவிடும், ஒயரை எலி கடித்தால் அவன் வந்து பார்ப்பான், பதினோரு மணிக்கு வருகிறேன் என்றால் சாயங்காலம் வருவான். அதெல்லாம் அவனே சொல்லிவிட்டான். இன்னொன்றும் சொன்னான். "நம்ம ஆம்ப்ளிஃபயர்லதாண்ணே அதுவும் ஓடுது. சாவு அன்னிக்கு நெட்டும் பூடும், பர்வால்லியா?" என்றான். பரவாயில்லை என்றேன். உன்னைக் கேட்காமல் ஒத்துக்கொண்டுவிட்டேன். கம்ப்யூட்டரையும் கேமராவையும் அனுப்பு. முதல் நாள் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது, நான் உம் கொட்டினால் கோபித்துக்கொள்ளாதே. சாப்பிட்டாயா என்று கேட்பேன். அது இனி என் கேள்விதான்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். சில நாள் நீ கூப்பிடும்போது இந்தப் பக்கம் திரை இருட்டாக இருக்கும். அப்பா அணைத்துவிட்டார் என்று நினைக்காதே. தெருவில் யாரோ போயிருக்கிறார்கள், நான் சுவிட்சை அமர்த்தியிருக்கிறேன் என்று அர்த்தம். பொழுது சாய்ந்தபின் திரும்பக் கூப்பிடு, வந்துவிடுவேன். என்றைக்காவது மறுநாளும் இருட்டாகவே இருந்தால் எதிர் வீட்டு மல்லிகாவுக்குப் போன் பண்ணு. யார் என்று அவள் சொல்வாள். பதற்றத்தில் ஓடாதே, நிதானமாக டிக்கெட் போட்டு வா. என் முகம் எப்படி ஆகியிருந்தாலும் பரவாயில்லை, பார். பாபு சுவிட்சைத் தொட மாட்டான், தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள், அவர்களை எனக்குத் தெரியும். எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்து, முதலில் நம் டிவியின் மேலிருக்கிற துணியைத் தூக்கிப் பார். அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் சுவிட்சை நீ போடு.

அப்பா